வாழ்க்கை நினைவுகளை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வுபெற்ற பிறகு தம் வாழ்க்கையை எழுதிவைக்க வேண்டும் என்று எண்ணுபவர்கள் பலர். எழுதி முடிப்பவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரின் பக்கங்களிலும் பேரப்பிள்ளைகள் அறிய விரும்பும் செய்தி பெரும்பாலும் இருப்பதில்லை. சான்றிதழ்களிலிருந்து யாரும் தெரிந்துகொள்ளக்கூடிய படிப்பு, பதவி, இடமாற்றம் ஆகியவற்றை நிரப்பிவிட்டுத் தமக்கு மட்டுமே தெரிந்தவற்றை விட்டுவிடுவதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

பிறந்த நாளில் தொடங்கி வரிசையாக எழுதிக்கொண்டு போவது முதல் தவறு. 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் 1940இல்தான் தம் வரலாற்றை வார இதழில் தொடராக எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தபோது அது நிறைவுபெறவில்லை. கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுவிடுவதால், அவர் வாழ்வின் கடைசி நாற்பது ஆண்டுகளை அந்த வரலாற்றின் வாயிலாக நாம் அறிய முடியாமலே போயிற்று. அத்தகைய நினைவாற்றலும் உழைப்பும் உடையவருக்கே அப்படி நேர்ந்தது என்றால், மற்றவர்கள் வரிசையை நம்பியிருக்கக் கூடாது. தெளிவாக நினைவில் நிற்கும் ஏதேனும் ஒரு நிகழ்ச்சியை இன்றே எழுதி, அதற்குத் தோராயமான ஆண்டைக் குறித்துவைத்தால் போதும். அடுக்குவதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். நடுவயதைக் கடந்தவர்களுக்குப் பத்து முதல் முப்பது வயது வரையிலான நினைவுகளே மிகுதியாக எழும் என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே அந்தப் பருவத்திலேயே தங்கிவிடாமல், ஐம்பது வயதுக்குப் பிந்தைய வாழ்க்கையையும் வேண்டுமென்றே நினைவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. முடிவுகளை மட்டும் எழுதிவிட்டு, அந்த முடிவுக்கு வரக் காரணமாக இருந்ததை எழுதாமல் விடுவது. "என் தந்தை மிகவும் சிக்கனமானவர், கண்டிப்பானவர், ஆனாலும் பாசம் மிக்கவர்" என்ற வரி எந்தத் தந்தைக்கும் பொருந்தும். தபாலில் வந்த உறைகளை அவர் கிழிக்காமல் பசை ஒட்டிய ஓரங்களில் மெல்லப் பிரித்து, உட்புறத்தில் மாதக் கணக்கை எழுதுவார். கடைசி வரியில் யாருக்கோ கொடுத்த ஒரு தொகையைப் பெயர் குறிப்பிடாமல் "கைமாற்று" என்று மட்டும் எழுதி, அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கவே மாட்டார் என்று எழுதினால், சிக்கனம், பாசம் என்ற சொற்கள் தேவைப்படா. எந்த அறை, யார் உடனிருந்தார்கள், என்ன பேசினார்கள், கையில் என்ன இருந்தது என்று தம்மையே கேட்டுக்கொண்டு எழுதுவது, பழகினால் எளிதாகவே வந்துவிடும். சாதனைகளை அடுக்குவதும் அறிவுரைகளில் முடிப்பதும் இதே தவறின் வேறு வடிவங்கள்தாம்.

நினைவு, நடந்ததை அப்படியே பதித்து வைத்திருக்கும் பெட்டகம் அன்று. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அது ஓரளவு புதிதாகக் கட்டப்படுகிறது என்று உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932லேயே எழுதினார். தங்கை வேறு விதமாகச் சொன்னால், அதை அடித்துத் திருத்தாமல், "என் தங்கையின் நினைவில் இது இவ்வாறு உள்ளது" என்று பக்கத்திலேயே சேர்த்துவிடலாம். படிப்பவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

முதியவர் ஒருவரைப் பேசவைத்துப் பதிவு செய்பவர்கள், "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கினால் பதில் இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு பழைய புகைப்படத்தைக் கையில் கொடுத்து, "இந்த வீட்டில் நீங்கள் எங்கே படுத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டால் பேச்சு தானாக விரியும். இடையில் ஆண்டைத் திருத்துவதும், மௌனத்தைப் பொறுக்காமல் அடுத்த கேள்விக்குத் தாவுவதும் கூடாது. சற்றே நீண்ட மௌனத்துக்குப் பிறகுதான் சில செய்திகள் வெளிவரும். களைப்புத் தெரியும் முன்பே நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் தொடர்வது நல்லது.

புகைப்படங்களின் பின்புறத்தில் "பெரியம்மா, சித்தப்பா" என்று மட்டும் எழுதிவைப்பது மிகப் பரவலான தவறு. யாருடைய பெரியம்மா என்பது அடுத்த தலைமுறைக்கு விளங்காது. முழுப்பெயரும் உறவும் இடமும் தோராயமான ஆண்டும் வேண்டும். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தடம் முன்புறத்தில் தெரியும் என்பதால், மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுத வேண்டும். பசைப் பக்கங்கள் கொண்ட ஆல்பமும் கிழிசலில் ஒட்டும் செலோடேப்பும் காலப்போக்கில் படத்தைக் கெடுத்துவிடும்.

எழுதியதையும் பதிவு செய்ததையும் ஒரே கைப்பேசியில் வைத்திருப்பவர்கள், அது பழுதானால் எல்லாவற்றையும் இழப்பார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் என்பது பரவலாகச் சொல்லப்படும் விதி. முக்கியமான பகுதிகளை அச்சிட்டும் வைக்க வேண்டும்.

பிறருடைய நோய், கடன், மணமுறிவு போன்றவை நம் கதையில் கலந்தே இருக்கும். அவற்றை எழுதாமல் விட்டால் கதை பொய்த்துப் போகலாம். உடனே எல்லோரிடமும் சுற்றுக்கு விட்டால் உயிரோடு இருப்பவர் ஒருவர் காயப்படலாம். அத்தகைய பக்கங்களைத் தனியே எழுதி, உரியவரிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் பெறுவது நேர்மையான வழி. அது இயலாதபோது, யார் எப்போது திறக்கலாம் என்பதை உறையின் மேல் தெளிவாக எழுதி, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைத்துவிடலாம்.