கொம்பியூட்டரில் விளம்பரம் குதிக்குதா? அவசரப்பட்டு இதையெல்லாம் செய்யாதீர்கள்

விளம்பரத்தை நிறுத்தப்போய் இன்னும் நாலு விளம்பரத்தை வீட்டுக்குள் கூட்டிவருவதுதான் இங்கே வழக்கமாக நடக்கிறது. திருகோணமலையில் உவர்மலை, பாலையூற்று, உப்புவெளி என்று எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் கதை ஒன்றுதான். பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் பழைய வினாத்தாள் தேடியிருக்கும், இல்லாவிட்டால் அப்பா கிரிக்கெட் மட்ச் பார்க்க ஏதோ ஒரு தளத்தைத் திறந்திருப்பார், அன்று இரவிலிருந்து திரையின் வலது மூலையில் பெட்டி பெட்டியாக வரத் தொடங்கும். உடனே "வைரஸ் வந்திட்டு" என்று பதற்றம், கூகுளில் "ஃப்ரீ வைரஸ் ரிமூவர்" என்று தேடல், முதலில் வந்ததை டவுன்லோட் பண்ணி இன்ஸ்டோல். ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அந்த இடத்தில்தான் கைமீறிப் போகிறது.

முதலாவது தவறு, விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே மருந்து தேடுவது. ஒரே ஒரு தளத்தில் மட்டும் வருகிறதென்றால் அது அந்தத் தளத்தின் விளம்பரம், உங்கள் கொம்பியூட்டரில் ஒரு பிழையும் இல்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வருகிறது, கூகுளில் தேடினால் பெயர் தெரியாத வேறொரு தேடுபொறிக்குப் போகிறது என்றால் பிரவுசருக்குள் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்னப் புரோகிராம்) உட்கார்ந்திருக்கலாம். பிரவுசரை முற்றாக மூடிய பிறகும் வருகிறதென்றால் அநேகமாக விண்டோஸில் இன்ஸ்டோல் ஆன ஒரு புரோகிராம். அதே வைஃபையில் இருக்கும் போனிலும் தேடல் எங்கேயோ திசைமாறிப் போகிறது, ஆனால் போனை டேட்டாவுக்கு மாற்றினால் சரியாகிவிடுகிறது என்றால் ரவுட்டரின் டிஎன்எஸ் அமைப்பை, அதாவது தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இடத்தைக் கண்டுபிடிக்கும் அமைப்பை, யாரோ மாற்றியிருக்கக் கூடும். வாங்கிய நாளிலிருந்து ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றாத வீடுகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

வலது மூலையில் வரும் அந்தப் பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மக்கள் பயப்படுவதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். "உங்கள் கொம்பியூட்டரில் ஐந்து வைரஸ்கள் உள்ளன", "அன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது" என்று பிரபல கம்பனியின் லோகோவோடு வரும். அவை வைரஸும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் பட்டனை அழுத்துங்கள்" என்று கேட்டபோது வீட்டில் யாரோ அழுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு கிளிக்கில் நொட்டிபிகேஷன் அனுப்பும் அனுமதி அந்தத் தளத்துக்குப் போய்விட்டது. பெட்டியை உற்றுப் பாருங்கள், சின்ன எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும் அனுப்பிய தளத்தின் முகவரியும் இருக்கும்.

இதற்கு எதையும் டவுன்லோட் பண்ணத் தேவையில்லை. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நொட்டிபிகேஷன்ஸ் என்று உள்ளே போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும், தெரியாத பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அப்படியே மேலே, எந்தத் தளமும் இனிக் கேட்கவே கூடாது என்பதற்கும் ஒரு தெரிவு இருக்கிறது, அதையும் போட்டுவிட்டால் வீட்டில் உள்ள அம்மம்மாவுக்கும் நிம்மதி. எட்ஜிலும் ஃபயர்ஃபொக்ஸிலும் இடம் கொஞ்சம் மாறும், விஷயம் ஒன்றுதான். இங்கே செய்யக் கூடாதது, அந்தப் பெட்டிக்கு உள்ளேயே இருக்கும் "நிறுத்து", "சரிசெய்" போன்ற பட்டன்களை அழுத்துவது. அவை போகும் இடம் இன்னொரு விளம்பரம்.

முழுத் திரையையும் மறைத்துக்கொண்டு, சத்தமும் போட்டு, "மைக்ரோசொஃப்டை இந்த இலக்கத்தில் அழையுங்கள்" என்று சொல்லும் பக்கம் இன்னொரு வகை. தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி இலக்கம் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசொஃப்டே சொல்லியிருக்கிறது, ஆகவே இலக்கம் இருந்தால் அது பொய். எஸ்கேப் கீயை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், அல்லது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரில் பிரவுசரை மூடுங்கள். அழைத்தவர்களுக்கு என்ன நடக்கும் என்றால், மறுபக்கத்தில் இருப்பவர் எனிடெஸ்க் மாதிரி, தூரத்திலிருந்தே கொம்பியூட்டரை இயக்கும் புரோகிராம் ஒன்றைப் போடச் சொல்லி உங்கள் கொம்பியூட்டருக்குள் வந்துவிடுவார், அதன் பிறகு கேட்பது வங்கி அட்டைதான்.

அடுத்தது "கிளீனர்" ஆசை. தேடல் பக்கத்தின் உச்சியில் வருவது பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம், "ஸ்பொன்சர்ட்" என்று சின்னதாக எழுதியிருக்கும், அதை நாங்கள் பார்ப்பதில்லை. இலவசமாக ஸ்கான் பண்ணி ஆயிரக்கணக்கில் பிழை இருப்பதாகச் சிவப்பில் காட்டிவிட்டு, நீக்குவதற்குக் காசு கேட்டால் அந்தப் புரோகிராமையே நீக்குங்கள். பழைய யூடியூப் வீடியோக்களை நம்பியும் சிலர் ஏமாறுகிறார்கள். குரோமுக்குள் முன்பு ஒரு கிளீன்அப் வசதி இருந்தது உண்மைதான், 2023 இல் கூகுள் அதை எடுத்துவிட்டது. இப்போது அதே பெயரில் யாராவது உங்களுக்கு டவுன்லோட் தந்தால் அது வேறு சாமான்.

உண்மையில் தேவையானது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் செக்கியூரிட்டியைத் திறந்து, ஆப் அண்ட் பிரவுசர் கொன்ட்ரோல் பகுதியில், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் அமைப்பு ஒன் ஆக இருக்கிறதா பாருங்கள். 2020 இல் விண்டோஸ் 10 இல் வந்த அமைப்பு இது, அட்வெயார், அதாவது விளம்பரம் காட்டவே கொம்பியூட்டருக்குள் வரும் புரோகிராம், போன்றவற்றைக் குறிவைத்துச் செய்தது, ஆனால் ஆரம்பத்தில் பலருக்கு ஒஃப் ஆகவே இருந்தது. அதோடு ஒரு ஃபுல் ஸ்கான், பிடிவாதமாக இருந்தால் ஒஃப்லைன் ஸ்கான் (விண்டோஸ் முழுதாகத் தொடங்கும் முன்பே தேடிப் பார்ப்பது). அதற்கு மேலும் ஒன்று வேண்டுமென்றால் அட்டபிள்யூகிளீனர் (AdwCleaner) நல்லது, இலவசம், இன்ஸ்டோல் பண்ணவும் தேவையில்லை. 2016 இலிருந்து அது மல்வெயார்பைட்ஸ் கம்பனியுடையது, அவர்களுடைய சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அன்டிவைரஸ் போடுவதால் பாதுகாப்பு அதிகரிக்காது, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கொம்பியூட்டர்தான் திணறும்.

இனி வந்த வழி. சொஃப்ட்வெயாரை அதன் சொந்தத் தளத்தில் எடுக்காமல் டவுன்லோட் தளங்களில் எடுப்பதும், இன்ஸ்டோல் பண்ணும்போது வாசிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போவதும்தான் பழைய ராஜபாட்டை. களவுத் தளங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் ஒரக்கிள் கம்பனியின் ஜாவாவை அப்டேட் பண்ணினாலே பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் ஆஸ்க் டூல்பார் என்ற தேடல் பட்டை கூடவே வரும், டிக்கை நாங்கள்தான் எடுக்க வேண்டும். சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற நல்ல பெயருள்ள தளமும் சில வருடம் அப்படி மூட்டை கட்டித்தான் கொடுத்தது, 2016 இல் உரிமையாளர் மாறிய பிறகே விட்டது. ஆகவே "கஸ்டம்" அல்லது "அட்வான்ஸ்ட்" என்ற தெரிவு இருந்தால் அதை எடுத்து ஒவ்வொரு டிக்காகப் பாருங்கள். மங்கலான சாம்பல் நிறத்தில் "டிக்ளைன்" என்று ஒரு பட்டன் ஒளிந்திருக்கும், அதுதான் உங்களுடையது.

எங்கள் பக்கத்துக்கே உரிய இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று பாமினி எழுத்துரு. கல்யாண அழைப்பிதழிலிருந்து பாடசாலைக் கடிதம் வரை இன்னும் பாமினியில்தான் பலர் அடிக்கிறார்கள், அதனால் அதைத் தேடி டவுன்லோட் பண்ணாத வீடே இல்லை என்று சொல்லலாம். எழுத்துரு என்பது டிடிஎஃப் என்று முடியும் ஒரு சின்னக் கோப்பு, சிப் செய்தும் வரலாம். ஈஎக்ஸ்ஈ என்று முடியும் ஒன்றை எழுத்துரு என்று தந்தால் திறக்காமலே அழியுங்கள். யூனிகோடில் அடிக்க நினைப்பவர்களுக்கு எதுவுமே தேவையில்லை, தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 10 இலேயே இருக்கிறது. மற்றது வினாத்தாள். மார்க்கிங் ஸ்கீம் என்று பெயரிட்டு வரும் கோப்பு பிடிஎஃப் போலத் தெரியும், உள்ளே வேறு. கோப்பின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்து வைக்கிறது, ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை ஒன் பண்ணிவிட்டால் வேஷம் கலைந்துவிடும். பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தைக் காட்டிக் கொடுங்கள், விளம்பரக் காட்டுக்குள் போய்த் தேடும் தேவை பாதி குறையும்.

"விளம்பரம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விடுவதும் தவறுதான். 2014 இன் பிற்பகுதியில் விற்ற சில லெனோவோ லப்டொப்புகளில் சூப்பர்ஃபிஷ் என்ற அட்வெயார் கடையிலிருந்தே ஏறி வந்தது. தேடல் முடிவுகளுக்குள் விளம்பரம் செருகுவதற்காக அது சொந்தமாக ஒரு பாதுகாப்புச் சான்றிதழைக் கொம்பியூட்டரில் பதித்து வைத்திருந்தது. அதனால் வங்கித் தளத்தின் பூட்டுச் சின்னத்தைக்கூட நம்ப முடியாத நிலை, 2015 பெப்ரவரியில் விஷயம் வெளியே வந்து பெரிய பிரச்சினையானது. எக்ஸ்டென்ஷனும் அப்படித்தான். "எல்லாத் தளத்திலும் உள்ள தரவை வாசிக்கவும் மாற்றவும்" என்று அனுமதி கேட்கும் ஒன்று, நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டையும் பார்க்கக் கூடியது. நேற்று நல்லதாக இருந்தது இன்றும் நல்லதாக இருக்கும் என்றும் இல்லை. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷனை இருபது லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள், அது 2020 இல் கைமாறியது, 2021 பெப்ரவரியில் தீங்கான நிரல் இருக்கிறதென்று கூகுளே முடக்கியது. எனவே எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்து, எதற்கென்று ஞாபகமில்லாத எல்லாவற்றையும் நீக்குங்கள். ஒஃப் பண்ணி வைப்பது போதாது. சந்தேகமான ஒன்று இருந்திருந்தால் மெயில், வங்கி பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள், சுத்தமாக்கிய பிறகு அல்லது வேறொரு போனிலிருந்து.

நீக்க முடியாமல் சாம்பல் நிறத்தில் நிற்கிறது, மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது என்றால்? வீட்டுக் கொம்பியூட்டருக்கு எந்த நிறுவனம்! அட்வெயார், விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பொலிசி (கட்டாய விதி) ஒன்றை எழுதித் தன்னைப் பூட்டிக்கொள்ளும் தந்திரம் அது. சில நல்ல அன்டிவைரஸ்களும் அப்படி எழுதுவதுண்டு, அதனால் கண்டபடி ரெஜிஸ்ட்ரியில் கைவைக்காமல், குரோமின் முகவரிப் பட்டியில் chrome://policy என்று அடித்துப் பொலிசிப் பக்கத்தைத் திறந்து என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இதில் பழக்கமில்லாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவது நல்லது.

களவு விண்டோஸ், களவு ஒஃபிஸ் பற்றிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். காசு கொடுக்காமல் அவற்றைத் திறந்துவிடும் அக்டிவேட்டர் போடும்போது "டிஃபென்டரை ஒஃப் பண்ணுங்கள்" என்று சொல்வார்கள். வேலை முடிந்து திரும்ப ஒன் பண்ணினாலும் எக்ஸ்குளூஷன் என்ற, சோதிக்காமல் விடும் பட்டியலில் அக்டிவேட்டரின் ஃபோல்டர் அப்படியே இருக்கலாம், இருந்தால் விண்டோஸின் சொந்த அன்டிவைரஸான டிஃபென்டர் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது. வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன் அமைப்புகளில் அந்தப் பட்டியல் இருக்கிறது, நீங்கள் போடாதது எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

கடைசியாக ஃபோர்மட். என்சி வீதியில் உள்ள கொம்பியூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் மேலே சொன்னதைச் செய்து பாருங்கள், பெரும்பாலும் போகவே தேவைப்படாது. போகத்தான் வேண்டுமென்றால் படங்களையும் பிள்ளைகளின் கோப்புகளையும் வெளியே ஒரு டிரைவில் எடுத்து வையுங்கள், டெஸ்க்டொப்பில் இருப்பதும் அழியும் என்று தெரியாமல் பறிகொடுத்தவர்கள் நிறைய. திரும்பப் போடும் விண்டோஸுக்கு அக்டிவேட்டர் போடப் போகிறார்களா என்றும் கேளுங்கள். அப்புறம் ஒன்று: குரோமில் கூகுள் கணக்கோடு சிங்க் (குரோமில் உள்ளதைக் கணக்கிலும் சேமித்து வைக்கும் வசதி) ஒன் ஆக இருந்தால், ஃபோர்மட் அடித்துப் புதிதாக லொகின் பண்ணிய சில நிமிடங்களிலேயே பழைய எக்ஸ்டென்ஷனும் இறங்கிவந்துவிடும். "ஃபோர்மட் பண்ணியும் போகுதில்லை" என்று வருகிறவர்களின் பிரச்சினை அநேகமாக இதுதான். ஃபோர்மட்டுக்கு முன்பே, சிங்க் ஒன் ஆக இருக்கும் நிலையிலேயே அதை நீக்கினால் கணக்கிலிருந்தும் போய்விடும். ஏற்கனவே ஃபோர்மட் பண்ணிவிட்டீர்கள் என்றால், லொகின் பண்ணியவுடன் முதல் வேலையாக எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குப் போங்கள்.