பிஎச்பி தளமா? முதலில் பதிப்பைக் கேளுங்கள்

ஆம்பூரில் காலணியோ வேலூரில் மளிகையோ விற்பவருக்கு இணையதளம் கட்ட பிஎச்பி என்ற நிரல்மொழி தாராளமாகப் போதும். 1995இல் வெளியான இந்தத் திறமூல மொழிக்கு உரிமக் கட்டணம் இல்லை. மலிவான ஹோஸ்டிங்கிலும் (தளத்தை வைத்திருக்கும் வாடகைச் சர்வர்) ஓடும். ஆனால் பணம் கட்டும் முன் பதிப்பு எண்ணைக் கேளுங்கள். பிஎச்பி 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன. அதையே இன்னும் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்!

தளத்தின் தகவல்களைச் சேமிக்கும் தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல் என்றால், தமிழ் சரியாகப் பதிய அதன் எழுத்துத் தொகுப்பு யுடிஎஃப்8எம்பி4 (utf8mb4) ஆக இருக்கட்டும். பழைய லத்தீன் தொகுப்பில் ‘இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்’ வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். வாடிக்கையாளர் படிவத்தில் எழுதுவதை அப்படியே எஸ்க்யூஎல் (தரவுத்தளத்துக்கான கட்டளை மொழி) வரியில் ஒட்டாமல், கட்டளையையும் தரவையும் பிரித்தே வைக்கும் பிஎச்பி வசதியான பிடிஓவின் (PDO) ‘பிரிப்பேர்’ வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள். டொமைன் (தளத்தின் இணைய முகவரி) உங்கள் பெயரில்தான் பதிவாக வேண்டும், தளம் கட்டுபவர் பெயரில் அல்ல.