வழிகாட்டி நாய்க்குட்டியை வளர்த்துக் கொடுப்பது எப்படி?

பார்வையற்ற ஒருவரைச் சாலையில் பத்திரமாக அழைத்துப் போகும் நாய், பயிற்சிப் பள்ளியில் சேருவதற்கு முன்னால் ஏறக்குறைய ஒரு வருடம் யாரோ ஒருவர் வீட்டில் குட்டியாக வளர்ந்திருக்கும். அப்படி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அமெரிக்காவில் 1929-இல் தொடங்கிய சீயிங் ஐ பள்ளி, 1942 முதலே குட்டிகளைக் குடும்பங்களிடம் கொடுத்து வளர்த்து வருகிறது. உங்களுக்கு நாய் வளர்த்த அனுபவம் இல்லாவிட்டாலும் பல பள்ளிகள் சேர்த்துக்கொள்ளும். நேரமும் பொறுமையும்தான் முக்கியம்.

சாலை கடப்பது, தடைகளைச் சுற்றிப் போவது, ஆபத்து தெரிந்தால் 'போ' என்றாலும் நகராமல் நிற்பது இதையெல்லாம் பயிற்சியாளர்கள் பிறகு சொல்லித்தருவார்கள். எந்த இடத்திலும் பதறாத, மனிதரை நம்புகிற நாயாக அதை வளர்த்துக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

1. விண்ணப்பம்

பள்ளியிலிருந்து வீட்டைப் பார்க்க வருவார்கள், பேசுவார்கள். நீங்களும் கேளுங்கள்: தீவனச் செலவும் மருத்துவச் செலவும் யாருடையது? குட்டியை எத்தனை மணி நேரம் தனியாக விடலாம்? நான் வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?

2. வீட்டைத் தயார் செய்வது

குட்டி 7, 8 வார வயதில் வரும். பெரும்பாலும் லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் அல்லது இரண்டின் கலப்பு. தரையில் உட்கார்ந்து, அதன் கண் உயரத்திலிருந்து வீட்டைப் பாருங்கள். மின்கம்பி, செருப்பு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. எட்டாத இடத்தில் வையுங்கள்.

3. சொன்னால் சிறுநீர் கழிக்கப் பழக்குவது

நாளைக்கு இந்த நாயோடு நடக்கப்போகிறவர், அது எங்கே அசிங்கம் செய்தது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் நேரத்துக்கு, சொன்ன இடத்தில் போகும் பழக்கம் வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வாரைப் பிடித்து எப்போதும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். பேசாமல் நில்லுங்கள். அது ஆரம்பிக்கும் அந்த நொடியில், பள்ளி சொல்லிக்கொடுத்த சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். முடித்ததும் பாராட்டுங்கள். சில வாரங்களில் அந்தச் சொல்லைக் கேட்டாலே குட்டிக்கு விஷயம் புரியும்.

என் குட்டி முதல் வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு முனகும். தூக்கக் கலக்கத்தில் வெளியே கூட்டிப் போனால் பூச்சியை முகர்ந்துகொண்டு நிற்கும். பத்து நிமிடம் காத்திருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே வந்த மறுநிமிடம் தரை நனைந்தது. அவசரப்பட்டு உள்ளே அழைத்து வந்தது என் தவறு. திட்டாதீர்கள், மூக்கைத் தரையில் தேய்க்காதீர்கள். அப்படிச் செய்தால் உங்களுக்குப் பயந்து ஒளிந்து போகத்தான் கற்றுக்கொள்ளும்.

4. கீழே கிடப்பதைத் தொடாமல் இருப்பது

நான் மிகவும் கண்டிப்பாக இருந்தது இதில்தான். நடைபாதையில் கிடக்கும் ஒரு துண்டு ரொட்டிக்காக நாய் சட்டென்று திரும்பினால், வாரைப் பிடித்திருப்பவர் தடுமாறி விழுவார். நீங்கள் சாப்பிடும்போது தட்டிலிருந்து ஒரு பருக்கைகூடக் கொடுக்கக் கூடாது. வீட்டுக்கு வருகிறவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

பழக்குவதற்கு, மூடிய கைக்குள் தீவனத்தை வைத்துக் காட்டுங்கள். குட்டி நக்கும், காலால் பிறாண்டும், கடைசியில் சலித்துப்போய்ப் பின்வாங்கும். அந்தக் கணமே மறு கையிலிருந்து பரிசு கொடுங்கள். அப்புறம் திறந்த கை, அதற்கடுத்துத் தரை. ஒரு மாலை, என் கையிலிருந்து பிஸ்கட் நழுவி அதன் பாதத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது. குட்டி பிஸ்கட்டைப் பார்த்தது, அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

5. உலகத்தைக் காட்டுவது

ஏறக்குறைய 14 வார வயது வரை குட்டியின் மனம் புதியவற்றை எளிதாக ஏற்கும். தடுப்பூசிகள் முடியும்வரை தூக்கிக்கொண்டே போய்க் காட்டுங்கள்: வண்டிச் சத்தம், மழை, விரியும் குடை, லிஃப்ட், சக்கர நாற்காலி. எஸ்கலேட்டர் மட்டும் வேண்டாம், பாதம் சிக்கிக்கொள்ளும்.

சாக்கடை மேல் போட்ட கம்பி வலையைப் பார்த்ததும் குட்டி நின்றுவிட்டால் இழுக்காதீர்கள். நாலடி பின்னால் வந்து உட்காருங்கள். தானாக ஒரு காலை வைத்தால் பரிசு கொடுங்கள், அன்றைக்கு அது போதும். வெயிலில் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

வெளியே எல்லாரும் கொஞ்ச வருவார்கள். "வேலை கத்துக்குது, இப்ப தொடாதீங்க" என்று சிரித்தபடி சொன்னால் பலரும் புரிந்துகொள்வார்கள். நாற்காலிக்கடியில் அரை மணி நேரம் சும்மா படுத்திருக்கவும் பழக்குங்கள்.

6. மறைக்காமல் எழுதுவது

குட்டி எதற்குப் பயந்தது, யாரைப் பார்த்துக் குரைத்தது என்று தேதி போட்டு எழுதி, பள்ளிக்குச் சொல்லுங்கள். பாசத்தில் ஒரு குறையை மறைத்தால், அதன் பின்னால் நடக்கப்போகிறவருக்குத்தான் ஆபத்து.

7. திருப்பிக் கொடுப்பது

12 முதல் 18 மாத வயதில் குட்டி பள்ளிக்குத் திரும்பும். எல்லா நாயும் தேறுவதில்லை. சில வேறு உதவி வேலைக்குப் போகும், சில வீட்டு நாயாகும். பல பள்ளிகள், வளர்த்தவரிடம்தான் முதலில் "வேண்டுமா?" என்று கேட்கும். கொடுக்கும் நாளில் அழுகை வரும், வரட்டும். வாரைப் பயிற்சியாளர் கையில் கொடுக்கும்போது, அது எந்தச் சொல்லுக்கு என்ன செய்யும், எந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடும், எங்கே தடவினால் பிடிக்கும் என்று எழுதிய நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.