ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தத்தில் இரு தரப்புச் சம்மதத்தை உறுதி செய்வது எப்படி?

காலணி மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் ஆர்டரானாலும், கூலிக்குத் தோல் பதனிடும் வேலையானாலும், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்து ஒப்பந்தங்களில் 'தகராறு ஏற்பட்டால் ஆர்பிட்ரேஷன் மூலம் தீர்க்கப்படும்' என்ற வரி தென்படுவதுண்டு. ஆர்பிட்ரேஷன் என்பது, நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு நடுவரிடம் தகராறைத் தீர்ப்புக்கு விடுவது. அந்த வரியை ஏற்பவர் உரிமையியல் வழக்குத் தொடரும் வழியைப் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கிறார். ஆகவே, இரு தரப்பும் அறிந்து சம்மதித்திருந்தால்தான் அது செல்லும்.

1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 7ஆவது பிரிவு, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இருவரும் கையெழுத்திட்ட பத்திரமே சிறந்தது. கடிதப் போக்குவரத்தும் போதும். மின்னணுத் தகவல் பரிமாற்றமும் அதில் அடங்கும் என்பதை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது.

வாசகத்தை ஊன்றிப் படியுங்கள். 'இரு தரப்பும் தீர்மானித்தால் ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பப்படும்' என்று எழுதினால், இனிமேல்தான் சம்மதிக்கப் போகிறார்கள் என்றே பொருள். அத்தகைய வாசகம் ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் கூறியது. 'இந்த ஒப்பந்தம் தொடர்பான எல்லாத் தகராறுகளும் ஒரே நடுவரிடம் விடப்படும். அவர் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். நடுவர் மன்றத்தின் இருப்பிடம் வேலூர்' என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதுங்கள்.

பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட நிபந்தனையை மட்டும் நம்ப வேண்டாம். சரக்கு வந்து சேர்ந்ததற்காக டெலிவரி சலானில் போட்ட கையெழுத்து, அந்த நிபந்தனைக்கும் சம்மதமா என்ற வாதம் நிச்சயம் எழும். பர்ச்சேஸ் ஆர்டரில் 'எங்கள் பொது நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று மட்டும் இருந்தால், அந்த ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வேறோர் ஆவணத்தில் உள்ள ஆர்பிட்ரேஷன் நிபந்தனையை இணைக்க விரும்புபவர், அதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுவது பாதுகாப்பு.

கூட்டு நிறுவனமாக நடத்துபவர்கள் இங்கே மிகவும் கவனிக்க வேண்டும். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, மாறான தொழில் வழக்கம் இல்லாதபோது, நிறுவனத்தின் தகராறை ஆர்பிட்ரேஷனுக்கு விடும் அதிகாரம் ஒரு பங்காளிக்குத் தானாக வந்துவிடாது. அண்ணன் போட்ட கையெழுத்து தம்பியையும் கட்டும் என்று எண்ணாமல், எல்லாப் பங்காளிகளிடமும் கையெழுத்தோ எழுத்துப்பூர்வ அதிகாரமோ பெறுங்கள்.

மிரட்டல், மோசடி, தவறான தகவல் ஆகியவற்றால் பெற்ற சம்மதம் சுதந்திரமான சம்மதமன்று என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். நிரப்பாத கடன் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். புரியாத ஆங்கில வாசகத்தைத் தமிழில் விளக்கச் சொல்வது உங்கள் உரிமை. ஒரே நடுவரை ஒரு தரப்பே நியமிக்கும் என்றிருந்தால், கையெழுத்துக்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள். தகராறின் முடிவில் அக்கறையுள்ளவர் தனி நடுவரை நியமிக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

நீங்கள் சம்மதிக்காத ஆர்பிட்ரேஷனுக்கு நோட்டீஸ் வந்தால், சும்மா இருந்துவிடாதீர்கள். எதிர்த்தரப்பு தன் கோரிக்கை மனுவில் ஒப்பந்தம் உண்டு என்று சொல்லி, நீங்கள் பதில் மனுவில் மறுக்காமல் விட்டால், அதையே எழுத்து ஒப்பந்தமாகச் சட்டம் கொள்ளும். நடுவருக்கு அதிகார வரம்பு இல்லை என்ற ஆட்சேபத்தைப் பதில் மனுவுக்குப் பிந்தாமல் எழுப்ப வேண்டும். நடுவர் நியமனத்தில் நீங்கள் பங்கேற்றிருந்தாலும் அந்த உரிமை போய்விடாது. மாறாக, ஆர்பிட்ரேஷனை விரும்பும் உங்கள் மீது வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டால், வழக்கின் பொருள் குறித்த முதல் பதிலுரையைத் தாக்கல் செய்யும் நாளுக்குள் தகராறை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பக் கோரி ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 8ஆவது பிரிவின்கீழ் மனுச் செய்யுங்கள்.