சொந்த சாகசத்தைப் பகிரும்போது எங்கே சறுக்குகிறோம்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான கதைமாந்தர் விளையாட்டுகளை (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவது) நடத்துகிறவர்கள் பலரிடம் சொந்தமாக எழுதிய சாகசம், அதாவது மற்றவர்கள் ஆடுவதற்கான கதை, ஒன்றாவது இருக்கும். அதை வெளியே விடும்போது பலர் பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டிய இடத்தில் துணிந்துவிடுகிறார்கள்.

உதாரணத்துக்கு, "என் விதியைத் திருடிவிட்டார்கள்" என்ற புலம்பல். இருபது முகப் பகடையை உருட்டி, போனஸைக் கூட்டி, இலக்கு எண்ணைத் தொட்டால் வெற்றி என்ற முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. அந்த முறையை விளக்க நீங்கள் எழுதிய வாக்கியங்களுக்கும் வரைந்த படங்களுக்கும்தான் உண்டு. எழுதி முடித்ததுமே அது உங்களுடையது, பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவிலும் இல்லை.

இதே ஆட்கள்தான் கூசாமல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பிஹோல்டர் அரக்கனைத் தூக்கித் தங்கள் நிலவறையில் போடுகிறார்கள். பிறர் தன் விதிகளைப் பயன்படுத்த அனுமதித்த ஓஜிஎல் உரிமத்தை மாற்றப் பார்த்து எதிர்ப்பில் சிக்கிய, அந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனமான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், 2023 ஜனவரியில் எஸ்ஆர்டி 5.1 என்ற விதித் தொகுப்பை பெயரைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 உரிமத்தில் திறந்துவிட்டது. அதில் உள்ளதை விற்பனைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் விளையாட்டு முழுவதும் அதில் இல்லை. கோப்ளின் உண்டு, ஆந்தைக்கரடி உண்டு. பிஹோல்டருக்கோ மைண்ட் ஃப்ளேயர் என்ற இன்னொரு அரக்கனுக்கோ அதில் ஆட்டத்துக்கான எண்கள் கொண்ட விவரப் பட்டியல் கிடையாது. "புத்தகத்தில் இருக்கிறதே" என்பது பதில் ஆகாது. இன்னொன்று, எஸ்ஆர்டியின் தொடக்கத்திலேயே நன்றிக்குறிப்பு வாசகம் கொடுத்திருக்கிறார்கள். அதை அப்படியே உங்கள் பிடிஎஃப்பில் ஒட்டுவதற்குக்கூடச் சிலருக்குச் சோம்பல்.

காசு வாங்காமல் ரசிகராகப் பகிர்வது வேறு கதை. அதற்கென்று அந்த நிறுவனம் தனிக் கொள்கை வைத்திருக்கிறது: இலவசமாகக் கொடுக்க வேண்டும், அதிகாரபூர்வமானது அல்ல என்று சொல்ல வேண்டும், அவர்கள் லோகோவைத் தொடக்கூடாது.

விற்கத்தான் வேண்டும், அவர்களுடைய ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் கற்பனை உலகமும் வேண்டும் என்றால் டிஎம்ஸ் கில்ட் என்ற இணையக் கடை இருக்கிறது. விலையில் பாதி உங்களுக்கு. ஆனால் அங்கே போட்டதை வேறெங்கும் வெளியிட முடியாது, அங்குள்ள மற்ற எழுத்தாளர்கள் உங்கள் கற்பனையை எடுத்தாளலாம். ஆசையாக வளர்த்த சொந்த உலகத்தை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

உரிமம் தேர்ந்தெடுப்பதில் நானே சூடுபட்டிருக்கிறேன். ஏதோ உற்சாகத்தில் என் வரைபடத் தொகுப்பு ஒன்றை பிஒய் உரிமத்தில் கொடுத்தேன். ஒரு வருடம் கழித்து அது வேறொருவரின் விலைப்பட்டியலில் இருந்தது, கீழே என் பெயரோடு. சட்டப்படி சரிதான். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. வணிகம் கூடாது என்றால் என்சி என்ற இரண்டு எழுத்தை முதல் நாளே சேர்த்திருக்க வேண்டும்.

அப்புறம், இணையத்தில் அகப்பட்ட ஓவியத்தின் கீழே ஓவியர் பெயரைப் போட்டால் போதும் என்ற நினைப்பு. பெயர் போடுவது மரியாதை, அனுமதி வேறு. கேளுங்கள், பதில் வராவிட்டால் படத்தை எடுத்துவிடுங்கள்.

பிடிஎஃப்புக்குக் கடவுச்சொல் பூட்டுப் போடுகிறவர்களும் உண்டு. திருட நினைப்பவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வார். சனிக்கிழமை ஆட்டத்துக்காக அரக்கனின் விவரத்தைக் காப்பி செய்ய முடியாமல் திட்டுகிறவர், உங்களிடம் காசு கொடுத்து வாங்கியவர்.