ஈவி (கரண்ட்ல ஓடற) கார் லாபமான்னு பாக்க ஒரு கணக்கு
உங்க கரண்ட் யூனிட் ரேட்ட 7ஆல வகுங்க, பெட்ரோல் ரேட்ட உங்க வண்டி மைலேஜால வகுங்க, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிலோமீட்டருக்கு உங்க லாபம். சின்ன ஈவி ஒரு யூனிட்டுக்கு சுமாரா 7 கிலோமீட்டர் ஓடும். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு தினம் வேலைக்கு போய் வந்தா கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 13 யூனிட், ரெண்டு மாச பில்லு 500 யூனிட்ட தாண்டி ஸ்லாப், அதாவது யூனிட் ரேட்டோட படி, ஏறிரும் (இத நெறைய பேரு கணக்குலயே எடுக்கறதில்ல), அதனால யூனிட் 10 ரூபான்னே வெச்சுக்குங்க, அப்பவும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள்ளதான் வருது, லிட்டர் 100 ரூபான்னா 15 மைலேஜ் வண்டிக்கு ஆறரைக்கு மேல போகுது. வீட்ல ராத்திரி சார்ஜ் போட வசதியில்லாம ரோட்டோர ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பறவங்களுக்கு லாபம் நல்லா கொறையும். மாசம் 500 கிலோமீட்டர்கூட ஓட்டாதவங்க பெட்ரோல்லயே இருங்க, வண்டி வெலையில கூடுதலா குடுத்தத எடுக்கவே பல வருசம் ஆயிரும்.