மதுரைக்கும் கொச்சிக்கும் ஒரே அட்சக்கோடு, ஆனால் ஒரே மழை இல்லை

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சிலருக்கு மதுரையில் மாலை வேளையில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அட்சக்கோடு, காற்று, கடற்பயணம் என்று வந்துவிட்டால் எந்த விடைத்தாளை எடுத்தாலும் அதே தவறுகள்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இதில் மதிப்பெண்ணை விடுவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

"நிலநடுக்கோடு சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே வெப்பம் அதிகம்" என்று எழுதாதீர்கள். சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி, அதில் பூமியின் வளைவு தருகிற சில ஆயிரம் கிலோமீட்டர் எந்த மூலைக்கு? பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரி தொடக்கத்தில், நாம் மார்கழிப் பனியில் போர்த்திக்கொண்டு கோலம் பார்க்கப் போகிற நாட்களில். வெப்பத்தைத் தீர்மானிப்பது கதிர் விழும் கோணம். மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வடக்கில் இருக்கிறது, சித்திரை பிறந்த இரண்டொரு நாளில் பகல் 12.17 வாக்கில் வெளியே நின்று பாருங்கள், உங்கள் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை அப்படி நடக்கும். டிசம்பரில் லண்டனில் உச்சிவேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரம்தான் ஏறும், அதே வெயில் அங்கே பெரிய பரப்பில் பரவி நீர்த்துப்போகிறது.

அதற்காக நிலநடுக்கோட்டில்தான் உச்ச வெப்பம் என்று எழுதினாலும் தவறுதான். அங்கே சூடான காற்று மேலெழுந்து மேகமாகி மழை கொட்டுகிறது, அப்படி எழுந்த காற்று ஈரம் இழந்து சுமார் 30 பாகைப் பக்கம் கீழே இறங்குகிறது. சகாரா, அரேபியா போன்ற பெரும் பாலைகள் அந்த அட்சங்களை ஒட்டிக் கிடப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம், மேகமில்லாத அந்தப் பக்கங்களில்தான் வெயில் உச்சத்துக்குப் போகிறது.

அடுத்தது, நான் அதிகம் பார்க்கிற தவறு: ஒரே அட்சம் என்றால் ஒரே காலநிலை. மதுரையிலிருந்து நேர் மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் கொச்சி இருக்கிறது, அட்சம் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனால் கொச்சியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, நமக்கு 850 பக்கம். நடுவில் நிற்கிற மேற்குத் தொடர்ச்சி மலைதான் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, நம் பக்கம் வறண்டு இறங்கி, ஆடியில் அம்மியைப் பறக்கவைக்கிறது. அந்த மலையைக் குடைந்துதான் 1895-இல் பெரியாற்றுத் தண்ணீரை வைகைப் பக்கம் திருப்பினார்கள், பென்னிகுயிக் காலத்து வேலை. மேலூர்ப் பக்கம் வயலில் பாய்கிற தண்ணீரில் கொச்சிப் பக்கத்து மழையும் கலந்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்! கொடைக்கானலும் 10 பாகையை ஒட்டித்தான் இருக்கிறது, சுமார் 2100 மீட்டர் உயரம் அதைக் குளிரவைக்கிறது. ஆக, அட்சத்தை எழுதினால் கூடவே மலை, உயரம், கடல் மூன்றையும் எழுதுங்கள்.

காற்றின் பெயரில் திசை குழம்புகிறவர்களும் நிறைய. தென்மேற்குப் பருவக்காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது, அங்கே போகவில்லை. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை என்று நம் மொழியே சொல்லிவைத்திருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் மறக்காது. தெற்கு அரைக்கோளத்தில் தென்கிழக்கிலிருந்து நிலநடுக்கோட்டை நோக்கி நிலையாக வீசும் வியாபாரக் காற்று அந்தக் கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

கடற்பயணத்துக்கு வருவோம். வாஸ்கோ ட காமா "பருவக்காற்றைக் கண்டுபிடித்தார்" என்று எழுதுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. அவருக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியக் கப்பல்கள் ஆடி வாக்கில் தென்மேற்குக் காற்றைப் பிடித்துச் சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்கு வந்து, குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்றில் மிளகோடு திரும்பின. அரபு மாலுமிகளுக்கும் நம் கடலோடிகளுக்கும் அது அன்றாடப் பிழைப்பு. காமாவேகூட 1498 ஏப்ரலில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மாலிந்தியில் ஒரு வழிகாட்டியை ஏற்றிக்கொண்டுதான் மூன்று வாரம் சொச்சத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் சேர்ந்தார். திரும்பும்போது வாடைக்காற்று நிலைபெறும்வரை பொறுக்காமல் அக்டோபர் தொடக்கத்திலேயே கடலைக் கடக்கப் புறப்பட்டார். ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது, மாலுமிகள் பலர் காய்கனி கிடைக்காமல் வருகிற ஸ்கர்வி நோயில் செத்தார்கள். கொலம்பஸ் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர், 1492-இல் முதலில் தெற்கே 28 பாகையில் உள்ள கேனரித் தீவுகளுக்கு இறங்கி, அங்கே வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றில் மேற்கே போனார், திரும்பும்போது வடக்கே ஏறி, மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்றைப் பிடித்தார்.

அப்புறம், அந்தக் கால மாலுமிகளுக்குக் கடலில் இடம் காணவே தெரியாது என்றும் எழுதுகிறார்கள். தெரியாமல் இருந்தது கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் தீர்க்கக்கோடு, அதற்குத் துல்லியமான கடிகாரம் வேண்டும், 18-ஆம் நூற்றாண்டில்தான் அது கைக்கு வந்தது. அட்சத்தைத் துருவ நட்சத்திரத்தை வைத்தே கண்டார்கள், அரபு மாலுமிகளுக்கு முடிச்சிட்ட கயிறு கட்டிய ஒரு சின்னப் பலகை போதும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அந்த நட்சத்திரம் மறைந்துவிடும் என்பதால் போர்ச்சுக்கீசியர் சூரியனின் உயரத்தை அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டார்கள்.

இதை நீங்களே பார்க்கலாம். வடக்கு அடிவானம் மறைக்காத இடமாக, அழகர்கோயில் சாலையில் வெளிச்சம் குறைந்த ஒரு மொட்டை மாடியில் நின்று கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தின் மேல் வையுங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. அதன் மேல் விளிம்பில் மங்கலாக, இடம் மாறாமல் நிற்கும் அந்த நட்சத்திரத்தின் உயரம்தான் மதுரையின் அட்சம்.